அன்று ஒரே உள்ளான், இன்று ஆளுக்கொரு பெயர்

கோடியக்கரைச் சதுப்பில் நிற்கும் ஒரு பறவையின் பெயரைத் தெரிந்துகொள்ள இன்று சில விநாடிகள் போதும். படம் எடுத்து, கைப்பேசிச் செயலியிடம் காட்டினால் அதுவே பெயரைச் சொல்லிவிடுகிறது. கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, கல்திருப்பி, பட்டாணி உப்புக்கொத்தி என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மளமளவென்று ஒப்பிக்கிறார்கள். என் சிறுவயதில் இந்தப் பெயர்களில் ஒன்றும் எங்களிடம் இல்லை. ஆனால் பறவைகள் இருந்தன. உப்பளத்து வரப்பில் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சேறு தெரியாதபடி நின்றன. அத்தனைக்கும் நாங்கள் சொன்ன பெயர் ஒன்றுதான்: உள்ளான்.

பெயர்கள் பெருகிய அதே ஐம்பது ஆண்டுகளில்தான் பறவைகள் குறைந்தன. ஒன்றால் மற்றொன்று நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. பறவையை அறிவது என்றால் என்ன என்ற கேள்வியை இந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்து என்னைக் கேட்கவைத்தன. வளைமூக்கு உள்ளான் என்ற ஒரு பறவையை வைத்து அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. பறவை அவருக்கு நாள்காட்டி. ஆவணி பிறக்கும்போது வடக்கேயிருந்து முதல் கூட்டம் வந்து இறங்கும். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், "உள்ளான் இறங்கிடுச்சுடா. இனிமே கீத்து முடைஞ்சாகணும்" என்பார். ஐப்பசி மழைக்கு முன்னால் குவித்துவைத்த உப்பை மூட வேண்டுமே, அதற்கான கீற்று. பறவை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "வடக்கேருந்து" என்பதோடு நிறுத்திக்கொள்வார். வடக்கு என்றால் அது எவ்வளவு தூரம் என்று எங்கள் ஊரில் அப்போது யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் பறவைகளை நுட்பமாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் கண்ணி வைத்தவர்கள். உள்ளான் கறிக்கு விலை இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் பறவை பிடிப்பது மறைவாகச் சில காலம் நடந்தது. எங்கள் தெருவில் ஒரு மாமா இருந்தார். புத்தகம் படித்தவர் இல்லை. ஆனால் சேற்றைப் பார்த்தே எந்த உள்ளான் எங்கே நிற்கும் என்று சொல்லிவிடுவார். "சின்னது தண்ணி ஓரத்தோட நின்னுக்கும் மாப்ளே. மூக்கு வளைஞ்சது உள்ள எறங்கும். அதுக்குக் கண்ணி வேற இடத்துல வைக்கணும்" என்பார். இன்று நான் மாணவர்களுக்குச் சொல்லித்தருவதும் ஏறக்குறைய அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான். ஒரு பறவையை அழிக்கப் பயன்பட்ட அறிவே அதைக் காக்கவும் தேவைப்படுகிறது என்பதை நான் பின்னால்தான் உணர்ந்தேன்.

அந்த உணர்வைத் தந்தது வளையமிடும் முகாம். சாலிம் அலி 1960-களிலேயே கோடியக்கரையின் அருமையைக் கண்டு சொல்லியிருந்தார். 1967-இல் இது சரணாலயமானது. 1980-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளின் வலசையை ஆராயப் பெரிய திட்டமொன்றைத் தொடங்கியது. அதன் ஆய்வாளர்கள் இங்கே தங்கி, பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டி விடுவித்தார்கள். பிடித்துத் தருவதற்குப் பீகாரிலிருந்து மிர்ஷிகார்கள் வந்தார்கள். பறவை பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட அவர்கள் இறகு கலையாமல், கால் நோகாமல் பிடித்த விதத்தைப் பார்த்து எங்கள் மாமா வாயடைத்து நின்றார். எஸ். பாலச்சந்திரனைப் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் இந்தக் கரையிலேயே உழைத்ததால்தான் நமக்கு இன்று இந்தப் பறவைகளைப் பற்றிச் சொல்ல ஏதேனும் இருக்கிறது.

முகாமில் ஒரு வளைமூக்கு உள்ளானைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தூரத்தில் சாம்பல் புள்ளியாகத் தெரிந்த பறவை, கைக்குள் வந்ததும் வேறாக இருந்தது. எடை 50 கிராம் அளவுதான். நீளம் 20 செ.மீ. அளவு. கறுத்த கால். கறுத்த அலகு அடியிலிருந்தே மெல்லக் கீழ்நோக்கி வளைந்து நுனியில் கூர்ந்திருந்தது. நீளம் சுமார் 4 செ.மீ. பெண்ணுக்கு அலகு ஆணைவிடச் சற்று நீளம் என்றார் அளவுகோல் வைத்திருந்தவர். இறக்கையை விரித்துக் காட்டினார்: நீளவாக்கில் ஒரு வெள்ளைப் பட்டை. வாலுக்கு மேலே இடுப்பில் பளிச்சென்ற வெள்ளை. "பறக்கும்போது இதைப் பாரு தம்பி. டன்லின்னு இதே மாதிரி இன்னொரு உள்ளான் இருக்கு. அதுக்கு இந்த வெள்ளைக்கு நடுவுல கறுப்புக் கோடு ஓடும். இதுக்கு ஓடாது" என்றார். பறவையை எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் அது.

புத்தகப் படம் நிலையாக நிற்கிறது. இந்தப் பறவையோ மாதத்துக்கு மாதம் நிறம் மாறுகிறது. அதனால் நாள்காட்டியைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்டில் வந்திறங்கும் முதிர்ந்த பறவைகளின் நெஞ்சிலும் வயிற்றிலும் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். வடக்கே இனப்பெருக்கக் காலத்தில் உடல் முழுக்கப் பூத்திருந்த செந்நிறத்தின் மிச்சம் அது. அடுத்த வாரங்களில் அது உதிர்ந்து, மேலே சாம்பலும் கீழே வெள்ளையுமாகிவிடும். செப்டம்பர், அக்டோபரில் அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் வருகின்றன. அவற்றின் முதுகிலுள்ள ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய விளிம்பு இருப்பதால் முதுகு செதில் செதிலாகத் தெரியும். நெஞ்சில் மெல்லிய சந்தன நிறம் படர்ந்திருக்கும். மார்கழியில் எல்லாம் சாம்பல். பங்குனி வெயிலில் மறுபடி செந்நிறம் எட்டிப்பார்க்கும். சித்திரையில் சில பறவைகள் பழுத்த சிவப்போடு நிற்கும். அப்போது அவற்றின் உடலும் உருண்டிருக்கும். பயணத்துக்கான கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருப்பதால் எடை கூடிவிடும். வைகாசிக்குள் பெரும்பாலானவை போய்விடும். முதல் வயது தாண்டாத சில மட்டும் சாம்பல் நிறத்தோடு கோடை முழுவதும் இங்கேயே தங்கும். இனப்பெருக்கத்துக்கு வயது வராததால் அவற்றுக்கு அவ்வளவு தூரம் போகும் அவசியம் இல்லை.

அவ்வளவு தூரம் என்பது உண்மையாகவே தூரம். அப்பா சொன்ன வடக்கு, சைபீரியாவின் ஆர்க்டிக் ஓரம். அங்குள்ள தைமிர் தீபகற்பம் வளைமூக்கு உள்ளானின் முக்கியமான பிறப்பிடம். கோடியக்கரையிலிருந்து நேர்க்கோட்டில் 7,000 கிலோமீட்டருக்கு மேல். மனிதர்கள் அதன் கூட்டைத் தேடிக் கண்டுபிடிக்கவே வெகுகாலமானது. 1897-இல் யெனிசெய் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே போபம் என்ற ஆங்கிலேயர்தான் அதன் முட்டைகளை முதலில் கண்டு பதிவுசெய்தார். உலகத்தின் பல கடற்கரைகளில் ஆயிரக்கணக்கில் கண்ட பறவைக்குப் பிறந்த வீடு எதுவென்று பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை தெரியாமலே இருந்திருக்கிறது.

அங்கே அதன் வாழ்க்கை மிகக் குறுகிய கோடைக்குள் அடங்குகிறது. ஜூனில் பனி உருகிய மேட்டில் பெண் சாதாரணமாக நான்கு முட்டையிடும். அடைகாப்பதும் குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் பெண்தான். ஆண்கள் முட்டை பொரிக்கும் வரைகூடக் காத்திராமல் தெற்கே கிளம்பிவிடுகின்றன. பிறகு பெண்கள். கடைசியாக, யாரும் வழிகாட்டாமல், குஞ்சுகள் தாமே கிளம்புகின்றன. ஆவணியில் எங்கள் சேற்றில் முதலில் இறங்குபவை பெரியவையாகவும், புரட்டாசி, ஐப்பசியில் வருபவை இளையவையாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். பிறந்து சில மாதமே ஆன ஒரு பறவை, தான் பார்த்தேயிராத, கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யத்துச் சேற்றுக்கு வந்துசேர்கிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்தச் சங்கிலியில் இன்னொரு கண்ணியும் உண்டு. தைமிரில் லெம்மிங் என்ற எலியினப் பிராணி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகும், பிறகு குறையும். அது பெருகிய ஆண்டில் ஆர்க்டிக் நரிக்கும் ஸ்குவா பறவைகளுக்கும் தீனி தாராளம். உள்ளான் முட்டைகள் தப்பிக்கின்றன. லெம்மிங் குறைந்த ஆண்டில் நரி கூடுகளைத் தேடிப் போகிறது. அந்த ஆண்டு ஐப்பசியில் இங்கே வரும் கூட்டத்தில் செதில் முதுகுக் குஞ்சுகள் அரிதாகிவிடும். ஆகவே கோடியக்கரையில் நின்று குஞ்சுகளை எண்ணுகிறவர், துருவத்து எலிகளின் நல்ல ஆண்டையும் கெட்ட ஆண்டையும் சேர்த்தே எண்ணுகிறார். வயதைப் பிரித்து அடையாளம் காண்பது அதனால்தான் முக்கியமாகிறது. மொத்தமாக இத்தனை உள்ளான் என்று எழுதும் கணக்கில் இந்தச் செய்தி வராது.

மாமா சொன்ன வாக்கியத்துக்கு இப்போது வருகிறேன். சின்னது ஓரத்தில், வளைமூக்கு உள்ளே. கொசு உள்ளானுக்குக் கணுக்கால் சுமார் 2 செ.மீ., அலகும் அவ்வளவுதான். அது ஈரச் சேற்றின் மேல் ஓடி ஓடி, முறத்து அரிசியில் கல் பொறுக்குவதுபோல, கண்ணால் கண்டதைக் கொத்துகிறது. வளைமூக்கு உள்ளானுக்குக் கணுக்கால் சுமார் 3 செ.மீ. அது வயிறு நனையும்வரை நீரில் இறங்கி, அலகைச் சேற்றுக்குள் செலுத்தித் துழாவுகிறது. அலகு நுனியில் நுண்ணிய உணர்வுறுப்புகள் இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத புழு அதன் அலகுக்குத் தெரிகிறது. இருட்டிலும் மேயமுடிவது அதனால்தான். பல்சுணைப் புழுக்கள், சிறு நத்தைகள், ஓட்டுடலிகள், நீரில் வாழும் கொசுவினங்களின் இளம்புழுக்கள் அதன் உணவு. அதைத் தாண்டி, ஏறக்குறைய ஒரு சாண் காலுள்ள நெடுங்கால் உள்ளான் ஆழத்தில் நிற்கும். ஒரே குட்டையில் எவ்வளவு நெருங்கி நின்றாலும் இவை மூன்றும் ஒரே இடத்தில் மேய்வதில்லை. தண்ணீரின் ஆழம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லையைப் போட்டுவைத்திருக்கிறது.

அந்த எல்லைகள் செ.மீ. கணக்கில் இருக்கின்றன. நீர் மூன்று விரற்கடை ஏறினால் கொசு உள்ளானுக்கு இடமில்லை. இன்னும் கொஞ்சம் ஏறினால் வளைமூக்கு உள்ளானுக்கும் இல்லை. முழுக்க வற்றினால் சேறு காய்ந்து அலகு இறங்காது. எங்கள் சதுப்பில் கடலின் ஏற்றவற்றம் சிறியது. அதனால் காற்று தள்ளும் நீரும், மழை தரும் நீரும், மனிதர் கட்டும் வரப்பும் ஆழத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன. வளவனாறு, அடப்பாறு, மானங்கொண்டானாறு போன்ற காவிரியின் கடைமடை வடிகால்கள் கொண்டுவந்த நன்னீர் உப்பின் கடுமையைத் தணித்தது. காவிரியில் நீர் குறைய, வரத்தும் குறைந்தது. உப்பளங்கள் விரிந்தன. உப்பளம் முழுக்கப் பறவைக்குப் பகை அன்று. கடல்நீர் முதலில் வந்து தேங்கும் பெரிய பாத்திகளில் புழுவும் மீனும் வாழும், பறவையும் மேயும். நீர் பாத்தி பாத்தியாகச் சுண்டிக் கொண்டே போகும்போது உயிரினங்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. உப்பு விளையும் கடைசிப் பாத்தியில் உள்ளானுக்கு உணவு அநேகமாக இல்லை. உவர்ப்பு கூடுவதும் ஆழமற்ற சேற்றுவெளி சுருங்குவதும் இங்கே கரைப்பறவைகள் குறைந்ததற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்வதை, அப்பாவோடு வரப்பில் நடந்தவன் எளிதாகப் புரிந்துகொள்வான்.

இந்தச் சதுப்புக்கு 2002-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. பெருமைக்குரியது. சில ஆண்டுகளாகப் பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015-இல் தொடங்கிய அதில் தமிழ்நாடெங்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். யார் எங்கே எந்தப் பறவையைப் பார்த்தாலும் இணையத்தில் பதிவாகிறது. பறவையின் முதுகில் ஒட்டும் சிறு கருவி, அது பறக்கும் வழியைச் செயற்கைக்கோளுக்குச் சொல்கிறது. என் இளமையில் ஒரு வளையத்தின் கதை தெரிய, அந்தப் பறவை வேறொரு நாட்டில் மறுபடி பிடிபட வேண்டும். பிடித்தவர் கடிதம் போட வேண்டும்.

அறிவு இப்படி வளர்ந்த நாட்களில் பறவைக்கு என்ன நேர்ந்தது? வளைமூக்கு உள்ளானைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015-இல் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக அறிவித்தது. 2024-இல் அழிவுக்கு ஆளாகக்கூடிய இனம் என்று ஒரு படி மேலே ஏற்றியது. அதே ஆண்டுப் பட்டியலில் சாம்பல் உப்புக்கொத்தி, கல்திருப்பி உட்படப் பல கரைப்பறவைகளின் நிலையும் மோசமானதாக மதிப்பிடப்பட்டது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையேயுள்ள மஞ்சள் கடலில், ஆஸ்திரேலியா போகும் கூட்டங்கள் இறங்கி இளைப்பாறிய சேற்றுவெளிகள் மண்கொட்டி மூடப்பட்டன. நம் பக்கத்தில் சதுப்பும் உப்பும் நன்னீரும் கொண்டிருந்த கணக்கு மாறியது. ஒரு நெடுவழியில் ஒரு சத்திரம் மூடினாலும் வழி அறுந்துவிடுகிறது.

போன பொங்கல் கணக்கெடுப்பில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் என்னோடு வந்தாள். கூர்மையான கண். நல்ல கேமரா. ஒரு சாம்பல் பறவையின் படத்தைக் காட்டி, "சார், செயலி ரெண்டு பேர் காட்டுது. வளைமூக்கு உள்ளான்னும் சொல்லுது, டன்லின்னும் சொல்லுது" என்றாள்.

"படத்தை மூடிட்டுப் பறவையைப் பாரும்மா. எங்க நிக்குது?"

"தண்ணிக்குள்ள. வயிறு தொடுது."

"பக்கத்துல சின்னது எங்க நிக்குது?"

"ஓரத்துல, சேத்துல."

"இப்ப அது பறக்குறவரைக்கும் பொறுத்திரு."

பருந்து ஒன்று வட்டமிட, கூட்டம் எழும்பியது. "சிர்ரிப்" என்ற மெல்லிய குரல். திரும்பும்போது இடுப்பின் வெள்ளை முழுசாக மின்னியது. நடுவில் கோடு இல்லை. "வளைமூக்குதான் சார்!" என்றாள். அலகின் வளைவு, கழுத்தின் நீளம், கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைப் புருவம் எல்லாவற்றையும் அடுத்து அவளே வரிசையாகச் சொன்னாள். செயலி சொன்ன இரண்டு பெயரில் ஒன்றை அவள் காரணத்தோடு தேர்ந்தெடுத்துவிட்டாள். என் முகாம் நாட்களில் எனக்குக் கிடைத்த அதே மகிழ்ச்சி அவள் முகத்தில் இருந்தது. கருவி வந்ததால் அது குறையவில்லை என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். பழைய ஆட்களிடம் இருந்த பொறுமையும் இன்றைய பிள்ளைகளிடம் உள்ள துல்லியமும் சேர்ந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை.

பிறகு அவளிடம் இன்னொன்று கேட்டேன். பறவை நின்ற இடத்தில் ஒரு குச்சியை ஊன்றித் தண்ணீரின் ஆழத்தை அளந்து எழுதச் சொன்னேன். "எதுக்கு சார், பட்டியல்ல அதுக்கு இடமே இல்லையே" என்றாள். அந்த இடம் வேண்டும் என்பதுதான் நான் சொல்லவருவது.

பெயர், எண்ணிக்கை, நாள், இடம் ஆகியவற்றை இன்று எல்லோரும் எழுதுகிறார்கள். அத்துடன் நீரின் ஆழத்தையும், பறவை மேய்கிறதா ஓய்வெடுக்கிறதா என்பதையும், இளையதா முதிர்ந்ததா என்பதையும் எழுதத் தொடங்குவோம். பெயர் மட்டும் தெரிந்தால் ஒரு பறவை இருந்தது என்றுதான் சொல்லமுடியும். அதன் பழக்கம் தெரிந்தால், அது இருக்க என்ன வேண்டும் என்று சொல்லமுடியும். எந்த வரப்பை எந்த மாதம் திறந்துவிட வேண்டும், எந்தப் பாத்தியில் எத்தனை விரற்கடை நீர் நிற்க வேண்டும், ஆவணியில் எந்தச் சேறு ஈரமாக இருக்க வேண்டும் என்று சரணாலயத்து அதிகாரியிடமும் உப்பளத்துக்காரரிடமும் நாம் கேட்பதற்குப் பெயர்ப்பட்டியல் போதாது. பழக்கத்தின் பதிவு வேண்டும். ஒருகாலத்தில் எங்கள் தெருவில் கண்ணி வைத்தவரிடம் அந்த அறிவு இருந்தது. இன்று கணக்கெடுக்க வரும் ஒவ்வொருவரிடமும் அது இருக்க வேண்டும். வடக்கே தைமிரை நாம் காக்கமுடியாது. வேதாரண்யத்துச் சேற்றில் சில விரற்கடைத் தண்ணீரை நிறுத்துவது நம்மால் முடியும். 7,000 கிலோமீட்டர் பறந்துவரும் 50 கிராம் பறவை நம்மிடம் கேட்பதும் அவ்வளவுதான்.